கழுத்து நீண்ட ஆப்பிரிக்கன் வயலெட்டை வெட்டி மீட்டது

மாடி வீட்டு அக்கா பெங்களூரை விட்டுப் போகும்போது என்னிடம் விட்டுச் சென்ற ஆப்பிரிக்கன் வயலெட் என்ற சின்னப் பூச்செடிக்கு ஒரு விரல் நீளத்துக்கு வெற்றுத் தண்டு. அதன் உச்சியில் ஒரு கொத்து இலை. குட்டித் தென்னை மாதிரி வளைந்து, தொட்டி விளிம்பில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. வருஷக்கணக்காக அதே தொட்டி, அதே மண். “தூக்கிப் போட மனசு வரல. பூத்து ரொம்ப நாளாச்சு. முடிஞ்சா பாரும்மா, இல்லேன்னா விட்டுடு” என்றார். பூ எப்படி இருக்கும் என்று கேட்டேன். “வெள்ளைப் பூ. ஒவ்வொரு இதழ்லயும் நடுவுல ஒரு ஊதாக் கோடு. அஞ்சு கோடும் நடுவுல வந்து சேரும்.”

அந்தப் பதில் கிடைத்ததும் செய்ய வேண்டிய வேலையே வேறாகிவிட்டது. ஆப்பிரிக்கன் வயலெட் என்றாலே ஒரு இலையைக் கிள்ளி ஊன்றினால் போதும், செடி வந்துவிடும் என்பார்கள். பெரும்பாலான வகைகளுக்கு அது உண்மைதான். கோடு போட்ட இந்த வகைக்கு அது பலிக்காது. இதைக் கைமேரா என்பார்கள். செடியின் மேல் அடுக்கும் உள் அடுக்கும் மரபில் வேறு வேறாக இருந்து, இரண்டும் சேர்ந்தே வளர்வதால்தான் இதழில் அந்தக் கோடு விழுகிறது. ஊன்றிய இலைக்காம்பின் அடியில் வரும் குட்டிச் செடியோ காம்பின் மேல்தோல் செல்களிலிருந்து புதிதாக முளைப்பது. அங்கே அடுக்கு வரிசை கலைந்துவிடும். வருகிற செடி பெரும்பாலும் ஒற்றை நிறத்தில்தான் பூக்கும். ஆக, அக்கா சொன்ன பூ வேண்டுமென்றால் உச்சிக் கொத்தையே பிழைக்க வைக்க வேண்டும். இலை ஊன்றுவதெல்லாம் கூடுதல்.

கழுத்து, அதாவது அந்த வெற்றுத் தண்டு, நீள்வது நோய் இல்லை. இந்தச் செடியில் புது இலை நடுவிலிருந்து வரும், அடி இலை முதிர்ந்து உதிரும். உதிர்ந்த இடமெல்லாம் வெற்றுத் தண்டு. தான்சானியாவின் உசம்பரா மலைக்காடுகளில் இது பாசி படிந்த பாறை இடுக்குகளில், ஒரு பிடி மக்கில் வளர்கிறது. அங்கே தண்டு பாறையோடு ஊர்ந்து, போகிற வழியெல்லாம் வேர் விடும். தொட்டியில் ஊர இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் உச்சிக்கும் வேருக்கும் தூரம் கூடக் கூட இலை சிறுத்து, பூ நின்றுவிடும்.

ஜெர்மானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் இல்லையர் என்பவர் இந்தச் செடியை ஜெர்மனியில் இருந்த தன் தந்தைக்கு அனுப்ப, ஹெர்மன் வெண்ட்லாண்ட் என்ற தாவரவியலாளர் 1893-இல் அதற்கு செயின்ட்பாலியா என்று பெயர் வைத்தார். இப்போது தாவரவியலாளர்கள் அதை ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். கிழக்கு உசம்பராவில் உள்ள அமானி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரும் கிட்டத்தட்ட அதே உயரம். இந்த ஒற்றுமைதான் எனக்குத் தெம்பு தந்தது.

பொங்கல் கழிந்து வேலையைத் தொடங்கினேன். தொட்டியைக் கவிழ்த்தபோது மண் கட்டியாகவே வந்தது. நர்சரிகளில் எல்லாச் செடிக்கும் போடுகிற அதே செம்மண், எருக் கலவை. ரோஜாவுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. வயலெட்டின் வேர் மயிரிழை கனம்தான். அதற்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். இறுகிய மண்ணில் தண்ணீர் தேங்கினால் பித்தியம் போன்ற அழுகல் கிருமி உள்ளே புகுந்து வேரையும் கழுத்தையும் அழுக வைக்கும். அப்போது மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவளும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். வீடுகளில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் இப்படித்தான். இந்தச் செடியில் வெளிப்பக்க வேர் பழுப்பாகியிருந்தது, நடுவில் கொஞ்சம் வெள்ளை வேர் மிச்சம்.

கழுத்து ஓரிரு சென்டிமீட்டர் என்றால் வெட்ட வேண்டியதே இல்லை. அடி இலைகளை நீக்கி, கழுத்தின் தோலை லேசாகச் சுரண்டி, வேர்க்கட்டியின் அடிப்பகுதியை அதே அளவுக்கு நறுக்கிவிட்டு, செடியைத் தாழ்வாக இறக்கி நட்டால் போதும். புதைந்த கழுத்திலேயே புது வேர் வரும். இதில் விரல் நீளம் என்பதால் வெட்டியே ஆக வேண்டும்.

முதலில் இலைகளைக் கழித்தேன். வேரில்லாத செடிக்கு இலை அதிகம் இருந்தால் நீரை இழந்து வாடும். நடுவைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைப் பக்கவாட்டில் அசைத்து முழுக் காம்போடு ஒடித்தேன். நல்ல இலைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். அப்புறம் புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, இலைக் கொத்துக்குக் கீழே இரண்டு விரல்கடை தண்டு இருக்கும்படி ஒரே வெட்டு. வெட்டிய முகத்தைப் பார்ப்பது முக்கியம். வெளிர் பச்சையாக, ஈரமாக இருந்தால் நல்லது. நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் அழுகல் அதுவரை ஏறிவிட்டது என்று பொருள். பிளேடைத் திரும்பத் துடைத்து இன்னும் மேலே வெட்ட வேண்டும், பழுப்பு மறையும்வரை. இது சுத்தமாக இருந்தது. தண்டின் வெளித்தோலில் இருந்த காய்ந்த இலைத் தழும்புகளை, பச்சை லேசாகத் தெரியும் அளவுக்கு மட்டும் பிளேடின் முதுகால் சுரண்டினேன். வேர் வருவது அந்த இடங்களிலிருந்துதான். வெட்டு முகம் உலர அரை மணி நேரம் நிழலில் வைத்தேன்.

கலவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் பீட் மாஸ் (சதுப்பு நிலப் பாசி மக்கு) என்பார்கள். நமக்கு மலிவாகக் கிடைப்பது கோகோபீட், அதாவது தென்னை நார்த் தூள். அதை அப்படியே போடக் கூடாது. தென்னை நாரில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் இருக்கும். கட்டியை ஊறவைத்து, வடிகிற நீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) குறையும்வரை நாலைந்து தண்ணீரில் அலசினேன். டிடிஎஸ் மீட்டர் இல்லாதவர்கள் காப்பிக் கலர் போகும்வரை அலசலாம். கணக்குத் துல்லியம் இல்லை, ஆனால் அலசாததற்கு எவ்வளவோ மேல். கடைசியாகக் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு இரவு ஊறவைத்து மறுபடி அலசினேன். நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் இடம்பெயர்த்துவிடும். உரக்கடையில் ஒரு கிலோ பை வாங்கினால் ஆயுசுக்கும் வரும். இப்படித் தயாரான கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் (பொரித்த வெள்ளைக் கல்) ஒரு பங்கு, கொஞ்சம் வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் பொரித்த கனிமம்). கையில் பிடித்து அழுத்திவிட்டுத் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நிற்கக் கூடாது. பெர்லைட் தூசி பறக்கும் என்பதால் நனைத்துவிட்டுக் கையாள்வது நல்லது. மண்புழு உரம் கூடவே கூடாது என்பது என் கட்சி. ஈரம் பிடித்து, பூஞ்சை ஈக்கு வீடாகிவிடும்.

கொத்தை அடியில் ஓட்டை போட்ட ஜூஸ் கப்பில், அடி இலைகள் கலவையைத் தொடாமல் அதன் மேல் நிற்கும்படி ஊன்றினேன். கலவை வெறும் ஈரப்பதம்தான், சொட்டக் கூடாது. கப்போடு ஒளி ஊடுருவும் ஒரு டப்பாவில் வைத்து மூடினேன். வேர் இல்லாதபோது இலை தானே ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி இதுதான். டப்பாவை வெயில் படும் ஜன்னலில் வைத்தால் செடி வெந்துவிடும். விளக்குக்குக் கீழே அல்லது வெளிச்சமான அறையில் வைக்கலாம். உரம் கிடையாது. மூன்று முதல் ஐந்து வாரத்தில் வேர் பிடிக்கும். இலையை லேசாக மேலே இழுத்துப் பார்த்தால் எதிர்ப்பு தெரியும், அதைவிட நம்பகமான அடையாளம் நடுவில் புது இலை பளிச்சென்று விரிவது. மாசி பிறந்த சமயம் அது தெரிந்தது. உடனே வெளியே எடுக்காமல் மூடியைத் தினமும் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைத்துப் பழக்கினேன்.

வெட்டி மிஞ்சிய அடிக்கட்டையைத் தூக்கிப் போடவில்லை. தலை போன கட்டை பக்க முளை விடும். அந்த முளை தண்டின் மொட்டிலிருந்து வருவதால் அடுக்கு வரிசை கலையாது, கோடும் தப்பிக்கும். பழுப்பான வேர்களைக் கழித்து, கட்டையைப் புதுக் கலவையில் நட்டு அதே டப்பாவில் வைத்தேன். கடையில் கைமேரா வகைச் செடிகள் விலை கூடுதலாக இருப்பது இதனால்தான். ஆயிரக்கணக்கில் இலை ஊன்றிப் பெருக்க முடியாது, ஒவ்வொன்றாகப் பக்க முளை எடுக்க வேண்டும்.

இலைகளையும் வைத்தேன், என்ன நிறம் வரும் என்று பார்க்கும் ஆசைதான். இதற்கு அடி வரிசைக் கிழ இலையும் வேண்டாம், நடுவிலுள்ள பிஞ்சும் வேண்டாம், இரண்டாவது மூன்றாவது வரிசை இலையே சரி. காம்பை மூன்று சென்டிமீட்டர் விட்டுச் சாய்வாக வெட்டி, இலையின் நுனி மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிட்டேன். நுனி இருந்தால் இலை தான் வளரப் பார்க்குமே தவிரக் குட்டி போட அவசரப்படாது. தண்ணீர் பாட்டிலில் வைத்தாலும் வேர் வரும், ஆனால் தண்ணீரில் வளர்ந்த வேர் கலவைக்கு மாறும்போது சுணங்குகிறது. நேரே கலவையிலேயே வைத்துவிடுவது மேல்.

பிழைத்த பிறகு தண்ணீரை என் கையிலிருந்து பிடுங்கித் திரியிடம் கொடுத்தேன். எனக்கு வெளியூர்ப் பயணம் அதிகம். அக்ரிலிக் நூல் ஒரு இழையைப் பெரிய ஊசியால் தொட்டியின் ஓட்டை வழியாக நுழைத்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, மீதியைக் கீழே உள்ள டப்பாவின் நீரில் தொங்கவிட வேண்டும். பருத்தி நூல் சீக்கிரம் அழுகிவிடும். திரி வேலை செய்ய முதல் தடவை மேலிருந்து ஊற்றி எல்லாவற்றையும் நனைக்க வேண்டும், காய்ந்த நூல் தானாக நீர் ஏற்றாது. ஓட்டலிலிருந்து சாப்பாடு வரும் கறுப்பு டப்பா இதற்குத் தோதானது. வெளிச்சம் புகாததால் பாசி பிடிக்காது. மூடியில் திரி போகும் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும், டெங்கு சீசனில் வீட்டுக்குள்ளேயே கொசுப் பண்ணை வைத்ததாகும். பாதிக்குப் பாதி பெர்லைட் இருந்தால்தான் திரி முறை சரிப்படும். சாதாரண மண்ணில் திரி போட்டால் செடி எப்போதும் சேற்றிலேயே நிற்கும்.

எங்கள் குடியிருப்பில் காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து, சாஃப்டனர் வழியாக வருகிறது. சாஃப்டனர் தண்ணீரிலுள்ள கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது. துணி துவைக்க நல்லது, செடிக்கு ஆகாது. ஆர்ஓ நீரில் உரம் கரைத்துக் கொடுக்கிறேன். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், வயலெட்டுக்கு வேண்டாம். மாதம் ஒரு முறை மேலிருந்து நிறைய நல்ல நீர் ஊற்றி வடியவிட்டு, தேங்கிய உப்பைக் கழுவிவிடுகிறேன். திரி முறையில் நீர் எப்போதும் கீழிருந்து மேலேறுவதால் உப்பெல்லாம் மேல்மட்டத்தில் படியும். தொட்டி விளிம்பில் உப்பு படிந்தால் அதில் உரசும் இலைக்காம்பு வெந்துபோகும்.

இலையில் தண்ணீரே படக் கூடாது என்பது பாதி உண்மை. இலைச் சூட்டைவிட நீர் நன்றாகக் குளிர்ந்திருந்தால், உள்ளே இருக்கும் பச்சைச் செல்கள் சிதைந்து வெளிர் வளையங்கள் விழும். அவை பிறகு மறையாது. வெதுவெதுப்பான நீரில் இலைகளைக் குழாயடியில் காட்டித் தூசி போகக் கழுவுகிறேன், ஒன்றும் ஆவதில்லை. கழுவிய பிறகு நடுவில் தேங்கிய துளியை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும்வரை வெயிலில் வைக்காமல் இருந்தால் போதும்.

பூவுக்கு வருவோம். “நிழல் செடி” என்ற பெயர்தான் இந்தியாவில் வயலெட் பூக்காததற்கு முதல் காரணம் என்பேன். நேர் வெயில் ஆகாது என்பது சரி. ஹாலின் மூலையில், டிவி பக்கத்தில் வைத்தால் இலையாகவே காலம் தள்ளும். பூக்க ஏறக்குறைய 8,000 முதல் 12,000 லக்ஸ் வெளிச்சம், நாளுக்கு 12 மணி நேரம் வேண்டும். கிழக்கு ஜன்னல் ஒன்பது மணிவரை இளவெயில் தந்தால் நல்லது. எங்கள் ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடம் எழும்பிவிட்டதால், புத்தக அலமாரியின் ஒரு தட்டைக் காலி செய்து 20 வாட் எல்இடி ட்யூப் இரண்டை அருகருகே பொருத்தி, டைமர் போட்டேன். சாதாரண வெள்ளை ட்யூப்தான், ஊதா நிறத்தில் எரியும் குரோ லைட் வேண்டியதில்லை. வீட்டில் சினிமா செட் போட்ட மாதிரி ஆகிவிடும், இலையில் என்ன நோய் என்றும் தெரியாது. இலைக்கும் ட்யூபுக்கும் ஒரு அடி இடைவெளியில் தொடங்கினேன். அளவு சரியா என்பதைச் செடியே காட்டும். காம்பு நீண்டு இலை மேலே நிமிர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. நடுக்கொத்து இறுகி, இலை வெளிறித் தொட்டியைக் கட்டிக்கொண்டால் அதிகம். நாளுக்கு எட்டு மணி நேரமாவது விளக்கில்லாத ஓய்வும் வேண்டும்.

ஏப்ரலில் பகல் வெப்பம் 35-ஐத் தாண்டியபோது பயந்தேன். ஆனால் பெங்களூரில் இரவு 22, 23-க்கு இறங்கிவிடும், செடி அதில் மூச்சு விட்டுக்கொள்ளும். 18 முதல் 27 டிகிரிதான் இதற்குப் பிடித்த வரம்பு. மே மாதச் சென்னையில் இரவுகூட 28-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. அங்கே மொட்டு கருகும், கழுத்து அழுகலும் சுலபமாக வரும். ஏசி ஓடும் படுக்கையறையில் விளக்குத் தட்டு வைப்பதுதான் வழி. வெயில் உச்சத்தில் நான் உரத்தை நிறுத்தி, விளக்கைப் பகலில் அணைத்து மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை எரியவிட்டேன். ட்யூபின் சூடும் பகல் சூடும் சேராமல் இருக்கட்டும் என்று. வயலெட்டுக்கு 12 மணி நேரம் எந்த 12 மணி நேரம் என்பதில் கவலையில்லை.

உரம் லிட்டருக்குக் கால் கிராம், ஒவ்வொரு தடவையும். பரவலாகக் கிடைக்கும் 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றும் சம அளவு) உரத்தில் நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில்லாத கலவையில் அது வேரைச் சுடக்கூடும் என்பதால் பையின் பின்பக்கத்தைப் படித்து, யூரியா குறைந்ததையே வாங்குகிறேன். முதலில் வந்த மொட்டுக் காம்புகளைக் கிள்ளிவிட்டேன். இலை வட்டம் தொட்டியைப்போல் மூன்று மடங்கு விரியும்வரை பூக்க விடாமல் இருந்தால், அப்புறம் கொத்தாகப் பூக்கும். தொட்டியும் அந்தக் கணக்குதான், இலை விரிவில் மூன்றில் ஒன்று. பெரிய தொட்டி வைத்தால் வேர் எட்டாத கலவை ஈரத்திலேயே கிடந்து புளிக்கும்.

ஆடியில் பூத்தது. வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடு, ஐந்தும் நடுவில் சேர்ந்து. அக்கா சொன்னது அப்படியே. படம் அனுப்பியதும், “இது நம்ம செடியா?” என்று உடனே போன் வந்தது.

மழைக்காலக் குளிரில், காற்றோட்டமில்லாத தட்டில் பூக்காம்பில் வெள்ளைச் சாம்பல் படிந்தது. பாதித்த பூக்களைக் கிள்ளி எறிந்து, ஒரு சின்ன யுஎஸ்பி ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டதும் பரவவில்லை. மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பட்ஸால் துடைத்தால் போகும். நடு இலைகள் சிறுத்து, இறுகி, சாம்பல் மயிரோடு முறுக்கினால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்தி (மைட்) வகை. அதற்கு வைத்தியம் பார்க்காமல் கவரில் கட்டிக் குப்பையில் போடுவதே பக்கத்துச் செடிகளுக்குச் செய்யும் உபகாரம். வீட்டில் பூனை இருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்த இலை பூனைக்கும் நாய்க்கும் விஷமில்லை. செடிக்குத்தான் பூனை விஷம்.

இலைகளில் குட்டிகள் பங்குனிக்குள் தலை காட்டின. ஒரு ரூபாய் நாணய அளவு இலை வந்ததும் தாய் இலையிலிருந்து பிரித்து, தனித்தனிக் கப்பில் வைத்தேன். கார்த்திகை வாக்கில் அவை ஒவ்வொன்றாகப் பூத்தன. பூத்தவை எல்லாம் முழு ஊதா. கோட்டின் சுவடுகூட இல்லை. நல்ல அழுத்தமான ஊதாதான், அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை. யாருக்குக் கொடுத்தாலும் கூடவே திரி போட்ட டப்பாவையும் கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் அன்பு மிகுதியில் தினமும் ஊற்றுகிறார்கள்.

அடிக்கட்டை மூன்று முளை விட்டது. ஒவ்வொன்றும் நாலைந்து இலை வந்ததும் கூர்மையான பிளேடால் கட்டையோடு ஒட்டி எடுத்து, பழைய டப்பா முறையிலேயே வேர் பிடிக்க வைத்தேன். அதில் ஒன்று பூத்துவிட்டது, கோட்டோடு. இப்போது பூக்காம்பிலும் முயற்சி நடக்கிறது. உதிரத் தொடங்கிய பூங்கொத்தின் காம்பில், பூக்கள் பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு ஜோடிச் சின்னஞ்சிறு இலை இருக்கும். அதன் கக்கத்தில் மொட்டு உண்டு. பூக்களை நறுக்கிவிட்டு, அந்த ஜோடி கலவையைத் தொடும்படி ஊன்றி மூடி வைத்தால் அங்கிருந்து செடி வரும், கோடும் மாறாது. இலைக் குட்டியைவிட மெதுவாகத்தான் வரும், பாதிக் காம்பு அழுகியும் போகும். தாய்ச் செடியை இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கலவை மாற்றி, அதுவரை வெளியே தெரிந்த கழுத்தைப் புதைத்து நடுகிறேன். பிளேடு எடுக்கும் அளவுக்கு அதை நீளவிடப் போவதில்லை.